பிரான்ஸ் ஒன்பது ஆண்டுகள் போரிட்டும் மாலியில் ஜிஹாதிகள் ஏன் பெருகினார்கள்?

2025 நவம்பரில் ஆப்பிரிக்க நாடான மாலியின் மேற்குப் பகுதியில் மின்மயமாக்கல் வேலைக்குப் போயிருந்த தமிழகத் தொழிலாளர்கள் ஐந்து பேரை ஆயுதக் கும்பல் கடத்திப் போன செய்தி வந்ததிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி இது. பிரான்ஸ் 2013 முதல் 2022 வரை அங்கே படை வைத்திருந்தது. ஐ.நா. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமைதிப் படையினரை அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் மாலி ராணுவத்துக்குப் பயிற்சி கொடுத்தது. பிறகு ரஷ்யர்களும் வந்தார்கள். அப்படியும் அல்காய்தாவின் ஒரு கிளை, தலைநகர் பமாகோவுக்கு வரும் டீசல் லாரிகளை மறித்துக் கொளுத்தும் அளவுக்கு எப்படி வளர்ந்தது?

வந்த படைகள் எல்லாமே குழுத் தலைவர்களைத் துரத்தின. அந்தக் குழுக்களோ கிராமத்துக்குள் உட்கார்ந்து, மேய்ச்சல் நிலம் யாருக்கு, கிணறு யாருக்கு, திருடுபோன மாட்டை யார் மீட்டுத் தருவது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டன. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இது எப்படி நடந்தது என்று ஊர் ஊராகப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் பிரான்ஸ் ஜெயித்த கதை. 2012 ஜனவரியில் வட மாலியில், சஹாராவில் வாழும் துவாரெக் இனத்தின் பிரிவினைவாதிகள் ஆயுதம் ஏந்தினார்கள். லிபியாவில் கடாஃபி வீழ்ந்தபின் ஆயுதங்களோடு ஊர் திரும்பியவர்கள் அவர்களில் நிறைய. மார்ச் மாதம் பமாகோவில் ராணுவப் புரட்சி நடந்தது; அந்தக் குழப்பத்தில் கிடால், காவோ, திம்புக்டு மூன்றும் சில நாட்களில் விழுந்தன. பிரிவினைவாதிகளின் முதுகில் ஏறி வந்த இஸ்லாமியத் தீவிரவாதக் குழுக்கள் ஜூன் இறுதிக்குள் அவர்களையே காவோவிலிருந்து விரட்டிவிட்டு, திம்புக்டுவின் சூஃபி அடக்கத் தலங்களை மண்வெட்டியால் இடித்தன. 2013 ஜனவரி 10 அன்று கோன்னா என்ற ஊரைப் பிடித்துத் தெற்கு நோக்கி இறங்கின. மறுநாளே பிரான்ஸ் ‘செர்வால்’ நடவடிக்கையைத் தொடங்கியது. 26ஆம் தேதி காவோ, 28 வாக்கில் திம்புக்டு, 30ஆம் தேதி கிடால் விமான நிலையம். இருபதே நாட்கள்.

இது ஏன் இவ்வளவு எளிதாக முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரி அப்போது ஊர்களைப் பிடித்து வைத்திருந்தான். பிக்கப் வண்டிகளில் வரிசையாக, மறைவே இல்லாத சாலையில் வந்தான். போர் விமானத்துக்கு இதைவிட வசதியான இலக்கு கிடையாது. எஞ்சியவர்கள் அல்ஜீரிய எல்லையை ஒட்டிய இஃபோகாஸ் மலைக்கு ஓடினார்கள். அங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிரெஞ்சுப் படையும் சாட் நாட்டுப் படையும் குகை குகையாகச் சண்டையிட்டன. சாட் வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறந்தார்கள். அல்காய்தாவின் முக்கியத் தளபதி அபூ ஸைதும் அங்கேதான் கொல்லப்பட்டார். பிரான்ஸ் அப்போதே வீட்டுக்குப் போயிருந்தால் இன்று ராணுவக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைத்திருப்பார்கள்.

போகவில்லை. 2014 ஆகஸ்ட் 1 அன்று ‘பர்க்கான்’ என்ற புதிய நடவடிக்கை தொடங்கியது. மௌரித்தானியா, மாலி, பர்க்கினா ஃபாசோ, நைஜர், சாட் என ஐந்து நாடுகள். தலைமையகம் சாட்டின் தலைநகரில். ஐந்து நாடுகளும் சேர்ந்து சுமார் 50 லட்சம் சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுப் படை உச்சத்தில் இருந்த 2020இல் அதன் எண்ணிக்கை 5,100. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு ஒரு சிப்பாய். அந்தக் கணக்கில் தமிழ்நாடு முழுவதற்கும் 130 பேர் வருவார்கள். அந்த 5,100 பேரிலும் சமையல், வண்டிப் பழுது, மருத்துவம், தளக் காவல் என்று கழித்துவிட்டு வெளியே ரோந்து போகக் கூடியவர்களை எண்ணினால் இன்னும் மோசம். மாலி, நைஜர், பர்க்கினா ஃபாசோ மூன்றும் சந்திக்கும் லிப்தாகோ-கூர்மா பகுதியில் படையைக் குவித்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ரோந்து ஒரு கிராமத்துக்கு வரும், தலைவரிடம் பேசும், சில நாள் தங்கும், போய்விடும். அந்தப் புழுதி அடங்குவதற்குள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேராக வருவார்கள். பிரெஞ்சுக்காரனுக்கு வழி சொன்னது யார் என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் இறப்பார். அடுத்த முறை ரோந்து வரும்போது யாரும் எதுவும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிரியின் ஆயுதமும் மாறிவிட்டது. பிக்கப் வரிசை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. அது மரநிழலில் மறையும், சந்தைக்குள் கலந்துவிடும், வானிலிருந்து பார்த்தால் மாட்டு வியாபாரியின் வண்டிக்கும் போராளியின் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. சாலையில் கண்ணிவெடி வந்தது. 2020 டிசம்பர் 28, 2021 ஜனவரி 2 ஆகிய இரண்டே நாட்களில் இரண்டு வெடிப்புகளில் ஐந்து பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். சாலை ஆபத்தானதும் ஒவ்வொரு எரிபொருள் லாரிக்கும் கவச வண்டிகள் காவல் போக வேண்டியதாயிற்று. அந்தக் கவச வண்டிகளுக்கும் எரிபொருள் வேண்டுமே. படையின் பெரும் பங்கு தன்னைத்தானே ஊட்டிக்கொள்வதில் கரைந்தது. நைஜரின் தில்லபெரி பகுதியில் அரசு மோட்டார் சைக்கிளையே தடை செய்து சந்தைகளையும் மூடியது. போராளிகள் தொடர்ந்து ஓட்டினார்கள். நின்றுபோனது விவசாயியும் சிறு வியாபாரியும்தான்.

இனி, இந்தப் போரில் யாரும் சரியாகப் பார்க்காத இடத்துக்கு வருகிறேன். மாலியின் நடுவே, மோப்தியைச் சுற்றி, நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஒரு உள்நாட்டு டெல்டாவை உண்டாக்குகிறது. மழைக்குப்பின் வெள்ளம் ஏறும். அந்த வெள்ளத்திலேயே ‘புர்கு’ என்ற புல் ஆளுயரத்துக்கு வளரும். தண்ணீர் வடியத் தொடங்கியதும், ஆண்டின் பிற்பகுதியில், ஃபுலானி மேய்ப்பர்களின் மந்தைகள் வறண்ட நிலத்திலிருந்து திரும்பி ஆற்றை நீந்திக் கடந்து இந்தப் புல்வெளிக்குள் நுழையும். தியாஃபராபே என்ற ஊரில் மந்தைகள் அப்படி ஆற்றைக் கடப்பதே ஒரு திருவிழா. வறண்ட மாதங்களில் உயிர் பிழைக்க இந்தப் புல்லை விட்டால் மாட்டுக்கு வேறு வழியில்லை.

எந்த மந்தை எந்த வாசலில், எந்த வரிசையில் நுழைவது என்ற ஒழுங்கு 1818க்குப்பின் சேகு அமாது நிறுவிய மாசினா அரசின் காலத்தில் உறுதிப்பட்டது. அதைக் காப்பவர் ‘ஜோவ்ரோ’. பரம்பரைப் புல்வெளி நிர்வாகி. வெளியூர் மந்தை நுழைய அவருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு காலத்தில் அது மரியாதைக்குக் கொடுக்கும் காணிக்கையாக இருந்தது. பிறகு வறட்சி வந்தது, நெல் வயல்கள் பெருகிப் புல்வெளி சுருங்கியது, ஜோவ்ரோக்கள் அதிகாரிகளோடு கைகோத்தார்கள், கட்டணம் ஏறிக்கொண்டே போனது. எல்லைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இரு தரப்பும் லஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். வனத்துறை ஊழியர் மரக்கிளை வெட்டியதற்கு அபராதம் போடுவார், ரசீது இருக்காது. அரசு என்றால் இந்த மேய்ப்பனுக்குத் தெரிந்த முகம் அதுதான்.

அமாது கூஃபா இந்த மண்ணில் எழுந்தவர். ஃபுலானி மொழியில் நயமாகப் பேசும் மதப் பிரசங்கி. அவரது சொற்பொழிவுகள் கேசட்டுகளிலும் உள்ளூர் வானொலியிலும் பல ஆண்டுகளாகப் பரவியிருந்தன. மேல்குடிப் பரம்பரைகளையும் அவர்களுக்குத் துதி பாடும் மதகுருக்களையும் அவர் சாடியபோது ஏழை மேய்ப்பர்கள் காது கொடுத்தார்கள். 2015 முதல் அவரது ‘மாசினா கத்தீபா’ என்ற ஆயுதக் குழு டெல்டாவில் பரவியது. முதலில் புல்வெளிக் கட்டணத்தை ஒரேயடியாக ரத்து செய்தது. நிலமுள்ள ஃபுலானிக் குடும்பங்கள் கொதித்தபோது சற்று இறங்கி வந்து, குறைந்த அளவில் அனுமதித்தது. இந்த விட்டுக்கொடுப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மிரட்டிப் பிடுங்கும் கும்பல் பேரம் பேசி இறங்கி வராது. ஓர் இடத்தை ஆள நினைப்பவன்தான் அப்படிச் செய்வான்.

ஜகாத் என்ற மத வரி வசூலும் அப்படியே. இஸ்லாமியச் சட்டப்படி முப்பது மாட்டுக்கு ஒரு வயதுக் கன்று ஒன்று, நாற்பதுக்கு இரண்டு வயது மாடு ஒன்று. ஆடு என்றால் நாற்பதுக்கு ஒன்று. மேய்ப்பனுக்கு இந்தக் கணக்கு சிறுவயதிலிருந்தே தெரியும். எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த வரி, கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டிய லஞ்சத்தைவிட மேல் என்று அவன் கணக்குப் போடுகிறான். அவர்களுடைய காஜி கிராமத்துக்கே வந்து இரு தரப்பையும் கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்.

இதைச் சொல்வதால் அவர்களை நல்லவர்கள் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆட்கள் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள், ஆசிரியர்களை விரட்டினார்கள், கல்யாண வீட்டில் பாட்டை நிறுத்தினார்கள், முக்காடு போடாத பெண்ணைச் சவுக்கால் அடித்தார்கள், எதிர்த்த கிராமத் தலைவர்களைக் கொன்றார்கள், ஊர்களை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார்கள். மக்கள் அவர்களை விரும்பி ஏற்றதாகச் சொல்வதும் தவறு, வெறும் பயத்தால் பணிந்ததாகச் சொல்வதும் தவறு. அரசு இல்லாத இடத்தில், இருப்பவனோடு வாழ்ந்தாக வேண்டும்.

2017 மார்ச்சில் கூஃபாவின் குழுவும், துவாரெக் தலைவர் இயாத் அக் காலியின் அன்சார் தீனும், அல்காய்தாவின் சஹாரா பிரிவும், அல்முராபிதூனும் ஒன்று சேர்ந்தன. இன்று ஜேஎன்ஐஎம் என்று செய்திகளில் வருவது அந்தக் கூட்டணிதான். துவாரெக், ஃபுலானி, அரபு என ஒவ்வொரு சமூகத்துக்கும் அதில் ஒரு முகம் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பமாகோவில் நடந்த தேசிய மாநாடு, மாலியர்களான இந்த இரு தலைவர்களோடும் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரான்ஸ் மறுத்தது. பேச்சு நடந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தங்கள் நாட்டில் யாரோடு பேசலாம் என்பதைப் பாரிஸ் முடிவு செய்கிறது என்ற எண்ணம் மாலியர் மனதில் தைத்துவிட்டது. அதற்கு முன்பே, 2013இல் கிடால் ஊருக்குள் மாலி ராணுவத்தை விடாமல் பிரிவினைவாதிகளோடு பிரான்ஸ் இணங்கிப் போனதை அவர்கள் மறக்கவில்லை.

அடுத்த தவறு உள்ளூர்த் துணைப்படைகள். மாலியின் மேனகா பகுதியில் ‘இஸ்லாமிய அரசு’ (ஐ.எஸ்.) என்ற பயங்கரவாத அமைப்பின் சஹாரா கிளையைத் துரத்த, 2018 வாக்கில் பிரான்ஸ் இரண்டு துவாரெக் ஆயுதக் குழுக்களைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டது. பாலைவனத்தில் வழி தெரிந்தவர்கள், எதிரியின் முகம் அறிந்தவர்கள். ராணுவக் கணக்குக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தத் துவாரெக் இனத்தாருக்கும், எல்லைக்கு அந்தப்புறம் நைஜரில் வாழும் தோலெபெ ஃபுலானிகளுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக மாட்டுக் கொள்ளையும் பழிக்குப் பழியும் நடந்துகொண்டிருந்தன. பிரெஞ்சு ஹெலிகாப்டரின் துணையோடு வரும் பழைய பகைவனைப் பார்த்த ஃபுலானி இளைஞன் பாதுகாப்புத் தேடி எங்கே போவான்? இஸ்லாமிய அரசுக் குழுவிடம் போனான். 2021 மார்ச்சில் நைஜரின் தஹுவா பகுதியில் ஒரே நாளில் 137 பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு மேனகா பகுதியில் தாவுசஹாக் துவாரெக் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். டெல்டாவுக்குக் கிழக்கே டோகன் வேட்டைக்காரர்களின் ஆயுதக் குழு எழுந்தது. 2019 மார்ச் 23 அன்று ஒகொசாகு என்ற ஃபுலானிக் கிராமத்தில் சுமார் 160 பேர் வெட்டியும் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். இப்படி ஒரு படுகொலைக்குப் பிறகு ஜிஹாதிகள் ஆள் பிடிக்கத் துண்டறிக்கை கொடுக்க வேண்டியதே இல்லை.

கூட்டாளி ராணுவங்களின் நிலையைச் சொல்ல ஒரே ஓர் இடம் போதும்: வட பர்க்கினா ஃபாசோவின் இனாத்தா. தங்கச் சுரங்கத்தை ஒட்டிய, ஜென்டார்மரி என்ற ராணுவக் காவல் படையின் முகாம். 2021 நவம்பரில் அங்கிருந்த தளபதி தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறார்: உணவு தீர்ந்துவிட்டது, இரண்டு வாரமாகச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் விலங்குகளை அறுத்துச் சாப்பிட்டு வருகிறோம். உணவு வரவில்லை. 14ஆம் தேதி காலை ஜிஹாதிகள் வந்தார்கள். ஐம்பது பேர் வரை இறந்தார்கள். பணம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் காணாமல் போகிறது. அதைச் சரி செய்யாமல் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? அந்த நாடே கொதித்தது. அதே மாதம் கயா ஊரில் பிரெஞ்சுத் தளவாட வண்டி வரிசையை மக்கள் பல நாட்கள் மறித்து வைத்தார்கள். இவ்வளவு ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பிள்ளைகளைக் கொல்ல வருபவர்கள் கண்ணில் படவில்லையா என்ற ஆத்திரம் அது. இரண்டே மாதத்தில் ராணுவப் புரட்சி.

தலைவர்களைக் கொல்வதில் பிரான்ஸ் உண்மையிலேயே தேர்ச்சி பெற்றிருந்தது. 2020 ஜூனில் அல்காய்தாவின் வட ஆப்பிரிக்கத் தலைவர் துரூக்தெல், 2021இல் இஸ்லாமிய அரசுக் கிளையின் தலைவர் அபூ வலீத் அல்சஹ்ராவி. ஒவ்வொன்றும் பாரிஸில் பெரிய அறிவிப்பு. ஆனால் களத்தில் ஆட்சி செய்வது காஜியும் வசூல்காரனும் கிராமத்துத் தகவலாளியும். துரூக்தெல் இறந்த வாரத்தில் தியாஃபராபேயில் புல்வெளி வழக்கு எதுவும் நின்றுபோகவில்லை. இதற்கிடையில் 2021 ஜனவரி 3 அன்று பூந்தி கிராமத்தில் விழுந்த குண்டு. கல்யாணத்துக்குக் கூடியிருந்தவர்கள் மேல் விழுந்தது, இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் என்று ஐ.நா. விசாரணை சொன்னது. பிரான்ஸ் இன்றுவரை மறுக்கிறது. கொல்லப்பட்ட தலைவர்களின் பெயர்களை மாலியில் யாருக்கும் நினைவில்லை. பூந்தியை எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மாலியில் 2020 ஆகஸ்டிலும் 2021 மேயிலும் இரண்டு புரட்சிகள். 2022 ஆகஸ்ட் 15 அன்று கடைசி பிரெஞ்சு வீரர் காவோவிலிருந்து வெளியேறினார். ஐ.நா. படை 2023 இறுதியில் போனது. முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலி கொடுத்த படை அது. 2023 ஜூலையில் நைஜரிலும் புரட்சி. டிசம்பரில் பிரான்ஸ் அங்கிருந்தும் போனது, மறு ஆண்டு அமெரிக்கா அகதெஸ் ட்ரோன் தளத்தைக் காலி செய்தது.

ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை ஆட்கள் 2021 டிசம்பர் வாக்கில் வந்தார்கள். இரண்டாயிரம் பேர் கூட இல்லை. பிரான்ஸ் ஆள் பற்றாக்குறையால் செய்ய முடியாததை அவர்கள் பயங்கரத்தால் செய்ய முயன்றார்கள். 2022 மார்ச் 27 முதல் 31 வரை, டெல்டாவில் உள்ள மௌரா என்ற சந்தை ஊரை மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் சூழ்ந்தார்கள். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. சந்தை நாளில் சுற்றுக் கிராமத்தார் எல்லாம் கூடியிருந்த ஊர் அது. 2023 நவம்பரில் மாலி ராணுவமும் வாக்னரும் சேர்ந்து கிடாலைப் பிடித்தபோது பமாகோ கொண்டாடியது. பத்து ஆண்டு அவமானம் தீர்ந்ததாக உணர்ந்தார்கள், அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையில் தின்ஸவாதென் அருகே அதே கூட்டுப்படை நொறுங்கியது. செப்டம்பர் 17 அன்று ஜேஎன்ஐஎம் பமாகோவுக்குள்ளேயே புகுந்து ஜென்டார்மரி பயிற்சிப் பள்ளியையும் விமான நிலையத்தின் ராணுவப் பகுதியையும் தாக்கியது.

அதன்பின் வந்ததுதான் எரிபொருள் மறியல். மாலிக்குக் கடல் கிடையாது. பெட்ரோலும் டீசலும் டக்கார், அபிஜான் துறைமுகங்களிலிருந்து சாலை வழியாகத்தான் வர வேண்டும். 2025 செப்டம்பரில் டேங்கர்களைத் தடுப்பதாக ஜேஎன்ஐஎம் அறிவித்துக் கொளுத்தத் தொடங்கியது. அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் பள்ளிகளை இரண்டு வாரம் மூட வேண்டியதாயிற்று. தலைநகரைப் பிடிக்க அவர்களிடம் ஆள் பலம் இல்லை. பிடித்தால் அதன் மக்களுக்குச் சோறும் தண்ணீரும் அவர்கள்தான் கொடுக்க வேண்டும். சாலையைப் பிடித்தால் போதும், ஊர் தானே வதங்கும்.

நம் தொழிலாளர்கள் சிக்கியதும் இந்தக் கணக்கில்தான். செனகல் எல்லையை ஒட்டிய கயேஸ் பகுதி நீண்ட காலம் அமைதியாக இருந்தது. 2025 ஜூலையில் அங்கே ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து இந்தியர்கள் மூவர் கடத்தப்பட்டார்கள். தங்கள் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு நிறுவனங்கள் வேலை செய்யக் கூடாது என்று ஜேஎன்ஐஎம் அறிவித்தது. வெளிநாட்டான் ஒருவனைப் பிடித்தால் பிணைப்பணம் வரும், அதோடு நிறுவனமும் கிளம்பும், அரசின் வருமானமும் நிற்கும். தங்கச் சுரங்கம், சிமெண்ட், மின்கம்பி, சாலை வேலை என்று ஏஜென்ட் சொல்லும் இடம் பமாகோவா, கயேஸா, செகுவா என்று கேட்காமல் யாரும் விமானம் ஏறக் கூடாது. தங்குமிடத்திலிருந்து வேலைத்தளத்துக்குச் சாலையில் எவ்வளவு தூரம் என்பது சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி.

வேறு வழி இருந்ததா? சிறிய அளவில் இருந்தது, அதற்குப் பெயரும் ஊரும் உண்டு. 2020 அக்டோபரில் நியோனோ பகுதியில் ஃபராபூகு கிராமத்தை ஜிஹாதிகள் முற்றுகையிட்டார்கள். ராணுவம் ஹெலிகாப்டரில் ஆள் இறக்கியும் முற்றுகை விலகவில்லை. 2021 மார்ச்சில் மாலியின் இஸ்லாமிய உயர் கவுன்சில் நடுவே வந்து ஒரு போர்நிறுத்தத்தை உண்டாக்கியது. உள்ளூர் வேட்டைக்காரர் படை ஆயுதத்தோடு வழி மறிக்காது. ஜிஹாதிகள் விவசாயிகளை வயலுக்கும் சந்தைக்கும் விடுவார்கள். அவர்கள் வந்து பிரசங்கம் செய்யலாம். அவர்கள் முன்னிலையில் பெண்கள் முக்காடு போட வேண்டும். பெண்களுக்குக் கசப்பான விலை. ஆனாலும் மக்கள் பல மாதங்களுக்குப்பின் வயலுக்குப் போனார்கள். அந்த இடைவெளியில் அரசு ஒரு நேர்மையான நீதிபதியையும், லஞ்சம் வாங்காத ஒரு நிர்வாகியையும், படைக்கு ஒழுங்கான உணவையும் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்ட, சில மாதங்களில் உடன்பாடு முறிந்தது. 2025 ஆகஸ்டில் ஃபராபூகு ராணுவ முகாமை ஜேஎன்ஐஎம் பிடித்தது.